பென்சிலில் வரைந்த ஸ்டாம்பு

அலுவலகத்துக்கு வரும் கடிதம் எதுவானாலும் வந்த அன்றே அதன் மேல் தேதி முத்திரை குத்த வேண்டும். பதிவேட்டில் எண் கொடுத்து ஏற்ற வேண்டும். பதில் எழுதத் தாமதமாகும் என்றால், 'தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது' என்று இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். இந்த விதியை நான் முப்பத்து நான்கு வருடம் காப்பாற்றினேன். என் பிரிவுக்கு வந்த ஒவ்வொரு புதுக் கிளார்க்குக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த விதி வாயைத் திறப்பதில்லை. எழுதப்பட்டும் வந்து சேராத கடிதத்தை என்ன செய்வது என்று அதில் எங்கும் சொல்லவில்லை.

காலையில் கே.கே. நகர் பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு பென்ஷன், சர்க்கரை, மருமகள் என்ற மூன்றே தலைப்புகளில் பேசும் நண்பர்களே, போன வாரம் உங்களில் ஒருவர், "நம்ம காலத்து இங்கிலீஷ் வாத்தியார் மாதிரி இப்ப எவன் இருக்கான்?" என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் காபியை ஆறவிட்டுவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஐம்பது வருடமாக நிலுவையில் இருக்கும் கோப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது.

நான் நாலாவது பாரம், அதாவது இப்போதைய ஒன்பதாம் வகுப்பு, படித்த வருடம். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய வருடம். அதுவரை எங்களுக்கு இங்கிலீஷ் என்றால் உருப்போடுவதுதான். வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம், வீட்டில் நெட்டுருப் பண்ணுவோம், மறுநாள் கொட்டுவோம். பசுவைப் பற்றிய கட்டுரையில் வகுப்பிலிருந்த அத்தனை பையன்களின் பசுக்களும் ஒரே வேலியோரம் நின்று ஒரே புல்லை மேய்ந்தன. அந்த ஜூன் மாதம் பயிற்சிக் கல்லூரியிலிருந்து புது வாத்தியார் வந்தார். ஒல்லியான, கிறிஸ்தவ இளைஞர். வெள்ளைக் கோட்டின் பையில் கறுப்பு மைப் பேனா ஒன்று, சிவப்பு மைப் பேனா ஒன்று. வந்த முதல் நாளே எங்கள் பழைய நோட்டுகளை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"பாஷைங்கிறது ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட ஏதாவது சொல்றதுக்குத்தான். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னடா இருக்கு?"

நாங்கள் யோசித்துப் பார்த்தோம். ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

"இருக்கும். வாரம் ஒரு கடுதாசி எழுதுங்க. ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுது, கலெக்டருக்கு எழுது, உன் தாய்மாமனுக்கு எழுது. சொந்த வார்த்தையில எழுதணும், அம்புட்டுத்தான்."

"எங்க மாமனுக்கு இங்கிலீஷ் தெரியாது சார்" என்றது பின் பெஞ்சு.

"உனக்கும்தான் தெரியாது. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

வகுப்பு சிரித்தது. அன்றே அவர் எங்களை வளைத்துவிட்டார்.

தச்சு வாத்தியாரிடம் சொல்லி ஒரு தபால் பெட்டி செய்து வாங்கினார். சிவப்புப் பெயிண்ட் அடித்து ஜன்னல் கட்டையில் வைத்தார்கள். அந்தப் பெயிண்ட் தீபாவளி கழிந்தும் முழுசாகக் காயவில்லை. பெட்டியைத் தொட்டவன் கையில் எல்லாம் சிவப்பு. திங்கட்கிழமை காலை கடிதம் போட வேண்டும். நோட்டுத் தாளை மடித்துச் சோற்றுப் பசையால் ஒட்டியது எங்கள் உறை. விலாசம் மையில். ஸ்டாம்பு இருக்க வேண்டிய மூலையில் பென்சிலால் ராஜா தலை. எங்கள் ராஜாக்களைப் பார்த்திருந்தால் சாம்ராஜ்யம் பத்து வருடம் முன்னாலேயே போயிருக்கும். ஒருத்தன் வரைந்தது டிரில் மாஸ்டர் போலவே மீசையோடு இருந்தது. இன்னொருத்தன் பழக்க தோஷத்தில் குடுமியும் வைத்துவிட்டான்.

பெட்டியைத் திறந்து கடிதங்களை எடுத்து வாத்தியாரிடம் கொடுக்கும் வேலை எனக்கு. அப்பா தல்லாகுளத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா என்பதால், தபால் விஷயம் இவனுக்கு ரத்தத்திலேயே இருக்கும் என்று வாத்தியார் நினைத்தார். அது சரியான கணிப்புதான்.

முதல் நாள் அவர் சொன்ன விதி இது: "பென்சில் ஸ்டாம்புன்னா பயிற்சி. அதுக்கு நானே அந்த ஆபீசரா உக்காந்து பதில் எழுதுவேன். நெசமாவே ஒருத்தருக்குப் போய்ச் சேரணும்னா நெச ஸ்டாம்பை ஒட்டிக் கொண்டாங்க. நான் ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டு அன்னைக்கே தபால்ல சேத்துடுவேன்."

இதைவிடத் தெளிவான விதியை நான் பிறகு எந்த அரசாணையிலும் படித்ததில்லை.

வியாழக்கிழமை பதில் வரும். எங்கள் கடிதம் மதிப்பெண்ணோடு திரும்பும். கூடவே சிவப்பு மையில் அவர் எழுதிய பதிலும் இருக்கும். அவருடைய ஸ்டேஷன் மாஸ்டர் ரயில் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அவருடைய கலெக்டர், தெரு விளக்கு பற்றித் தகவல் தந்ததற்கு நன்றி சொல்லி, நேற்றே திரி போட்டாயிற்று என்றார். "ஒரு ஆபீசர் எப்படி எழுதணுமோ அப்படி எழுதிக் காட்டுறேன்" என்பார். அப்படி எழுதும் அதிகாரியை என் சர்வீஸில் ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை. பதில்கள் அசலாக இருக்கட்டும் என்று அப்பா ஆபீசில் குப்பைக்குப் போகவிருந்த பழைய காக்கிக் கவர்களை நான் கொண்டுவந்து கொடுத்தேன். சர்க்கார் சேவை என்று இங்கிலீஷில் அச்சடித்த கவர்கள். வாத்தியார் பூரித்துப் போனார். "சபாஷ்டா!" என்று முதுகில் தட்டினார். நன்றாகச் செய்த அயோக்கியத்தனத்துக்கு என் வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் மில் தொழிலாளி மகன். வில்லாபுரம் போகிற வழியில், வாய்க்காலை ஒட்டி ஒரே வரிசையாக இருந்த வீடுகளில் ஒன்று அவனுடையது. அங்கிருந்து நடந்தே வருவான். கையில் எப்போதும் பஞ்சு வாசனை. அவன் தங்கைக்கு ஆறு வயது. ஒரு தடவை அவன் நோட்டில் அவள் வரைந்த ஆட்டுக்குட்டியை வாத்தியார் வரைபடம் என்று நினைத்து டிக் அடித்துவிட்டார்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. வைகையில் செம்மண் தண்ணீர் பாலத்தின் கால்களை முட்டிக்கொண்டு போனது. வாய்க்கால் உடைந்து அவர்கள் குடிக்கிற கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு வீட்டில் வாந்திபேதி. கிராமத்து அதிகாரியிடம் போனால், அது முனிசிபாலிட்டி எல்லை என்றார். முனிசிபாலிட்டியில் கேட்டால், அது கிராமத்து எல்லை என்றார்கள். இரண்டு தரப்பும் சொன்னது நடைமுறைப்படி சரியாகவே இருந்திருக்கும். அந்த நாட்களில் அவன் அம்மா டவுன் குழாய்வரை போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"எங்கப்பா சொல்லிருச்சு மாப்ள" என்றான் ஒரு சனிக்கிழமை. "நீதான் இங்கிலீசு படிக்கிறியே, ஹெல்த் ஆபீசருக்கு எழுதுறான்னு. தமிழ்ல எழுதுனா எவன் படிப்பான்? இங்கிலீசுல எழுதுனா பயப்படுவாகல்ல?"

திங்கட்கிழமை நான் பெட்டியைத் திறந்தபோது குடுமி ராஜாக்களுக்கும் மீசை ராஜாக்களுக்கும் நடுவே அவன் உறை இருந்தது. அதில் நிஜ ஸ்டாம்பு.

இப்போது நான் சொல்லப்போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அப்போது என்னிடம் ஒரு ஸ்டாம்பு ஆல்பம் இருந்தது; அவனிடமும் பல தடவை காட்டியிருக்கிறேன். அதிலிருந்த ராஜாக்கள் எல்லாம் அப்பா ஆபீஸ் கவர்களிலிருந்து நனைத்துப் பிரித்தவர்கள். ஒவ்வொருவர் முகத்திலும் தபால் முத்திரையின் கறுப்பு வட்டம் குறுக்கே விழுந்திருக்கும். கறை படாத முகம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இது சுத்தமாக இருந்தது. புத்தம் புதுசு. பெயிண்ட் ஒட்டிய விரலால் அதன் ஓரத்தை நெம்பிப் பார்த்தேன். மழைக் காற்றில் கோந்து சரியாகப் பிடிக்கவில்லை. முழுசாக வந்துவிட்டது. இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு தலை வரைந்தேன். அவசரத்திலும் நன்றாகத்தான் வந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அந்தக் கடிதத்துக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அதற்கும் இந்த ஸ்டாம்புக்கும் சம்பந்தம் இருப்பதாக அந்த ஒரு நிமிடம் எனக்குத் தோன்றவில்லை. 

வியாழக்கிழமை வாத்தியார் துள்ளிக்கொண்டு வந்தார். அன்றைக்குக் காக்கிக் கவர்களில் ஒன்று மட்டும் தனியாக இருந்தது. அதிலிருந்த பதில் சிவப்பு மையில் இல்லை. பள்ளி ஆபீஸ் டைப்ரைட்டரில் உட்கார்ந்து அடித்திருக்கிறார். சிறந்த கடிதத்துக்குச் சிறந்த பதில். அவன் எழுதிய கடிதத்தை மட்டும் திருப்பித் தரவில்லை; இன்ஸ்பெக்டர் வரும்போது காட்டப் பீரோவில் எடுத்து வைத்துவிட்டார். அவன் என்ன நினைத்திருப்பான்? நிஜ ஸ்டாம்பு ஒட்டியவன், கடிதம் போய்விட்டது என்றுதான் நினைப்பான்.

நான்தான் தபால்காரனாக அந்தக் கவரை அவன் கையில் கொடுத்தேன்.

"இந்த வாரம் ஒருத்தன் எழுதியிருக்கான் பாருங்கடா" என்றார் வாத்தியார். "எங்கள் தெருவில் குழந்தைகள் தண்ணீர் கேட்கிறார்கள், கொடுக்கத் தாய்மார்கள் பயப்படுகிறார்கள்னு ஒரு வரி. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. அப்படியே நெசம் மாதிரி இருக்கு."

அவன் எழுந்தான். "நெசந்தான் சார்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம் பின் பெஞ்சுக்காரன் ஒருவன், அழகர்மலைப் புலி தன் சித்தப்பாவைத் தின்றுவிட்டதாகப் போலீசுக்கு எழுதி, "நெசந்தான் சார்" என்று சத்தியம் பண்ணினான். மறுநாள் மதியம் அதே சித்தப்பா அவனுக்குச் சோறு கொண்டுவந்தார். வாத்தியாரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அப்படித்தான்டா! யார் கேட்டாலும் நெசம்னே சொல்லணும். உக்காரு, உக்காரு."

அவன் உட்கார்ந்து, என் பக்கம் சாய்ந்து கவரைப் பிரித்தான்.

"நெசத்தச் சொன்னா எதுக்குடா சிரிக்கிறாக?" என்றான். பிறகு படித்தான். படித்ததும் என் தொடையைப் பிடித்து அழுத்தினான். "டேய், ஆபீசரு பதிலு போட்டுட்டாருடா! டைப்படிச்சு வந்துருக்குடா! என்னையப் போயி டியர் சாருங்கிறாருடா!"

"ம்" என்றேன்.

"புதன்கிழமை விடியமுன்னயே ஆளுக வந்து கெணத்துல மருந்து போட்டுட்டாகளாம். தண்ணி இப்ப குடிக்க நல்லாருக்காம். எங்காத்தா இனிமே டவுனுக்கு நடக்க வேணாம்டா."

அப்போது நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஸ்டாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணி அடித்தது. அவன் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினான். வெள்ளிக்கிழமையும் அவன் வந்தான், என்னோடு கோலி விளையாடினான், ஜெயித்தான். அப்போதும் நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை இரண்டாவது பீரியடில் வகுப்பு வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். தலைமுடியில் மில் பஞ்சு. துண்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கையில் அந்தக் காக்கிக் கவர்.

"ஐயா, நான் அவென் தகப்பன். இந்தக் கடுதாசி எழுதுன ஆபீசரைப் பாக்கணும்."

வாத்தியார் புரியாமல் சிரித்தார். "உள்ள வாங்க. என்ன விஷயம்?"

"முனிசிபாலிட்டிக்குப் போயிக் காட்டுனேன். இது நாங்க எழுதுன கடுதாசி இல்லைங்கிறாக. தாளைத் திருப்பிப் பாத்துட்டு, பின்னாடி உங்க பள்ளிக்கூடத்துப் பேரு அச்சாயிருக்கு, அங்க போயிக் கேளுன்னாக." அவர் குரல் உயரவே இல்லை. "மருந்து போட்டாச்சுன்னு இதுல இருந்துச்சுங்க. அதை நம்பித்தான் அந்தத் தண்ணிய மோந்தோம். எப்பவும் மருந்து போட்டா ஊதா நெறமா வரும். நெறம் மாறலையேன்னு எம் பொஞ்சாதி கேட்டா. இங்கிலீசுல எழுதி வந்துருக்கு, நீ என்னத்தக் கண்டேன்னு நாந்தான் வஞ்சேன். சின்னவ ஞாயித்துக்கெழம போயிட்டாங்க."

வாத்தியார் கையிலிருந்த சாக்பீஸ் விழவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது மெதுவாக நொறுங்கி, மாவாகி, அவர் கோட்டில் கொட்டியது. பீரோவைத் திறந்தார்.  உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல பென்சில் ஸ்டாம்புதானேங்க இருக்கு. பயிற்சின்னு நெனச்சு நான்..."

"நாந்தாங்க ஸ்டாம்பு வாங்கிக் குடுத்தது. எந் நாக்குலயே நனைச்சு ஒட்டுனேன்."

வாத்தியார் கட்டைவிரலால் அந்த மூலையைத் தடவினார். உரிந்த தாளின் சொரசொரப்பு தெரிந்திருக்கும். ஓரத்தில் ஒரு விரல் அளவுக்குச் சிவப்புப் பெயிண்ட். அவர் ஜன்னல் கட்டையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்தேன். அந்த முகத்தில் கோபம் இல்லை. எதிரே நிற்பது என்ன வகைப் பிராணி என்று தெரியாதவரைப் போல இருந்தது.  

அவர் அந்த மனிதரிடம் திரும்பினார். "தப்பு என்னோடதுங்க. ஸ்டாம்பு ஒட்டித்தான் இருந்துச்சு. நான் கவனிக்கலை."

 அந்த மனிதர் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தோம். கவரை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, "படிச்சவுக நீங்க" என்று மட்டும் சொல்லிப் போனார். அதன் அர்த்தம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்று மதியமே வாத்தியார் கடைத்தெருவில் கிணற்று மருந்து வாங்கிக்கொண்டு டிரில் மாஸ்டரோடு சைக்கிளில் போனார். திரும்பி வந்தபோது அவர் கை முழங்கைவரை ஊதாவாக இருந்தது. கறை ஒரு வாரம் போகவில்லை. என் விரலில் சிவப்பு, அவர் கையில் ஊதா.

வீட்டில் நான் சாப்பிடாமல் அழுததைப் பார்த்து அப்பா தனியாகக் கூப்பிட்டார். பள்ளியில் நடந்தது அதற்குள் தல்லாகுளம்வரை வந்திருந்தது. ஸ்டாம்பைக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லிவிடுவதாகவும் இருந்தேன்.

"அந்தக் கவரு நம்ம ஆபீஸ் கவரா?" என்றார்.

"ஆமாப்பா."

"எவன் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. வேற ஒண்ணும் வாயத் தொறக்காத. என் உத்தியோகமே போயிரும்."

அவருக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. வாழ்க்கையில் எனக்கு அவர் கொடுத்த ஒரே எழுத்தில்லா உத்தரவு அது. நான் மீறவில்லை.

மறுநாள் வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். "அந்தக் கடுதாசியை இப்பவாவது தபால்ல சேக்கணும். ஒரு நல்ல ஸ்டாம்பு வேணும். யார்கிட்டயாவது இருந்தா பெட்டில போடுங்க. நான் யாருன்னு பாக்க மாட்டேன்."

அடுத்த நாள் விடிந்ததும் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் யாரும் இல்லை. பெட்டிக்குள் அதைப் போட்டேன். அவர் என் பென்சில் ராஜாவின் தலை மேலேயே அதை ஒட்டி, தாமதத்துக்குத் தானே பொறுப்பு என்று ஒரு தாள் எழுதிக் கூடவே வைத்து, மழையில் நனையாமல் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்து போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

டிசம்பர் விடுமுறைக்குப் பிறகு அவர் வரவில்லை. ராஜினாமா என்றார்கள், நீக்கம் என்றார்கள். தச்சு வாத்தியார் பெட்டியை எடுத்துப் போய் அதில் தன் ஆணிகளைப் போட்டு வைத்துக்கொண்டார். பழைய நோட்டுகள் பீரோவிலிருந்து வெளியே வந்தன. பசு மறுபடியும் அதே வேலியோரம் மேய ஆரம்பித்தது. எல்லோரும் நிம்மதியாகப் பாஸ் செய்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை. மில்லில் சேர்ந்துவிட்டான்.

கோடை தொடங்கிய சமயம் பள்ளி முகவரிக்கு அவன் பெயருக்கு ஒரு கவர் வந்தது. முனிசிபல் ஆபீசிலிருந்து. தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்து, "உன் பக்கத்துல இருந்தவன்தானே, குடுத்துரு" என்றார். மில் சங்கு ஊதும் நேரத்துக்குப் போய் வாசலில் நின்றேன். அவன் வளர்ந்திருந்தான். புருவத்திலெல்லாம் பஞ்சு.

"என்னடா இந்தப் பக்கம்?"

"பதில் வந்திருக்கு."

"நீயே படி. எனக்கு இங்கிலீசு மறந்துபோச்சு."

படித்தேன். கடிதம் கிடைத்தது. குறிப்பிட்ட கிணறு எல்லைக்கு உட்பட்டதா என்பது பரிசீலனையில் உள்ளது. அவ்வளவுதான். வாத்தியார் எழுதிய பதிலோடு ஒப்பிட்டால் நடை படுமோசம். ஆனால் அதைப் படித்து யாரும் எந்தத் தண்ணீரையும் குடிக்க முடியாது. ஒன்றும் சொல்லாத கடிதம் ஒருத்தரையும் கொல்லாது என்பதை அந்த வாசலில்தான் கற்றுக்கொண்டேன். பிறகு முப்பத்து நான்கு வருடம் அப்படித்தான் எழுதினேன். நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன்.

அவன் தாளை வாங்கிக்கொள்ளவில்லை. கவரை மட்டும் வாங்கினான். அதன் மூலையை நிதானமாகக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்தான்.

"இந்தா. உனக்குத்தான் ஸ்டாம்புன்னா பிடிக்குமே."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான். கேட்டை மூடினார்கள். ஆல்பம், வீடு மாறியபோது எங்கோ போயிற்று. அந்தத் துண்டு மட்டும் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ராஜா முகத்தின் குறுக்கே தபால் முத்திரையின் கறுப்பு வட்டம். அதற்குள் தேதி தெளிவாக விழுந்திருக்கிறது: ஐப்பசியில் எழுதிய கடிதத்துக்கு, மார்ச் பதினேழு.